நல்ல நம்பர்

மகளின் குறிப்பேட்டில் மூன்று மாதமும் நல்ல நம்பர்கள். காலையில் 5.8, இரவில் 6.4. பெருமையோடு கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். அதே மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் ரத்தப் பரிசோதனையில் வந்ததோ 10.2 விழுக்காடு. டாக்டர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சின்னவன்தான் உடைத்தான். ஏழு வயது. விரல் நுனிகளில் பொட்டுப் பொட்டாக ஊசித் தடம். "அக்காதான் கேட்டா. எனக்கு எப்பவும் நல்ல நம்பர்தான் வருதாம்."

ஆறு வயதில் அவளுக்கு முதல் வகை இனிப்புநீர் வந்தது. இது இனிப்பு தின்று வருவதல்ல (பாட்டிக்கு இன்றுவரை புரியவைக்க முடியவில்லை). கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழித்துவிடுகிறது. ஒரு நாளைக்கு நான்கு ஊசி. இப்போது வயது பதினொன்று. சுங்கை புரோங் வயல்களை ஒட்டிய வாய்க்கால் கரையில் என்னைவிட வேகமாகச் சைக்கிள் மிதிக்கிறாள். போன வருடம் பள்ளி ஓட்டப்பந்தயத்தில் 800 மீட்டரில் முதலாவது. ஓடி முடித்ததும் கை நடுங்க, ஒரு பாக்கெட் ஜூஸைக் குடித்துவிட்டு மேடையேறினாள். "நோய்க்காரப் பிள்ளைன்னு சொல்லவே முடியாது" என்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டுவேன். அந்தப் பாராட்டுக்குள் ஒரு கட்டளை இருப்பது அப்போது எனக்குக் கேட்கவில்லை: எப்போதும் இப்படியே இரு.

அவள் செய்தது பொய்தான். ஆபத்தான பொய்யும்கூட. அதை நம்பி மருந்தைக் குறைவாகவே போட்டிருக்கிறோம். ஆனால் அந்தப் பொய் யாருடையது?

6 வந்தால் நான் சிரிப்பேன். 15 வந்தால் "என்ன தின்னே?" என்பேன். எவ்வளவு மருந்து வேண்டும் என்பதற்குத்தான் மீட்டர். காய்ச்சலிலும் ஏறும், பரீட்சைப் பயத்திலும் ஏறும், வளர்கிற வயதில் சும்மாவே ஏறும். அதை நாங்கள் நன்னடத்தைச் சான்றிதழ் ஆக்கிவிட்டோம். ஒரு பிள்ளை தன் உடம்பைப் பற்றி உண்மை சொன்னால் குற்றவாளி ஆகிற வீட்டில், உண்மை சொல்லு என்று எந்த முகத்தோடு கேட்பது?

இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பு, அமெரிக்க மருத்துவர் ஃபிரெடரிக் ஆலன் இந்நோயாளிகளைப் பட்டினிபோட்டு உயிரை நீட்டித்தார். அன்றைக்கு அதைவிட நல்ல வழி இல்லை. 1919-இல் ராக்பெல்லர் ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அவருடைய நூலில் ஒரு சிறுவன் வருகிறான். நோயால் பார்வை போனவன். தனியறையில் வைத்தும் சிறுநீரில் சர்க்கரை நிற்கவில்லை. பல நாள் மறுத்த பிறகு ஒப்புக்கொண்டான்: பற்பசையைத் தின்றிருக்கிறான், கூண்டுக் குருவிக்கு வைத்த தீனியைத் தின்றிருக்கிறான். பிறகு இறந்துபோனான். 1922 ஜனவரியில் டொரோண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. மருந்து வந்துவிட்டது. விசாரணை மட்டும் போகவில்லை.

இதையெல்லாம் மனைவியிடம் சொன்னேன். "பயப்படாம எப்படி இருக்கிறது? உங்களுக்கு எழுதறதுக்கு நல்லா இருக்கும்" என்றாள். அவள் சொல்வதும் சரிதான். இன்சுலின் ஓரிரு நாள் நின்றாலே ரத்தத்தில் அமிலம் ஏறி நினைவு தப்பிவிடும். என் கோபத்தின் அடியில் இருந்ததும் அந்தப் பயம்தான். ஆனால் அவளுக்குப் போய்ச் சேர்ந்தது கோபம் மட்டுமே.

இப்போது "எவ்வளவு?" என்று மட்டும் கேட்கிறோம். நல்ல நம்பர், கெட்ட நம்பர் என்ற பேச்சில்லை. போன வாரம் சமையலறையிலிருந்து "பதினேழு புள்ளி மூணு!" என்று கத்தினாள். கத்திவிட்டு வெளியே வந்து என் முகத்தைப் பார்த்தாள். "சரி, ஊசி எடுத்துட்டு வா" என்றேன். முகம் என்ன சொன்னதோ, தெரியாது.

அன்று இரவு சின்னவன் தூங்கிய பிறகு, போன் வெளிச்சத்தில் அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன்.