காணாததும் இல்லாததும்

தரையில் குடம் இல்லை என்பது எப்படித் தெரிகிறது? இந்தியத் தத்துவ மரபில் பல நூற்றாண்டுகள் நீண்ட வழக்கு இது. வெறுந்தரையைக் கண்ணே காட்டிவிடுகிறது என்றனர் நியாயவாதிகள். காணாமையே தனியொரு அளவை, அதாவது அறியும் வழி, என்றார் மீமாம்சகர் குமாரில பட்டர். 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியார் பாடிய அருணந்தி சிவாசாரியார், அபாவத்தையும் (இல்லாமையையும்) அளவைகளில் எண்ணி, பின் எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்கினார்.

பின்வந்த நியாயவாதிகளும் மீமாம்சகரும் ஒரு நிபந்தனையில் ஒத்துப்போனார்கள். குடம் இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்க வேண்டும். இருட்டறையில் நின்றுகொண்டு ‘காணோம்’ என்றால் அது செல்லாது.

மென்பொருளைச் சோதிப்பவர் ‘பிழை ஏதும் வரவில்லை’ என்று எழுதும்போதும் இதே நிபந்தனைதான் எழுகிறது. அதை அளக்க வந்ததே கவரேஜ்: சோதனையில் நிரலின் எந்த வரிகள் ஓடின என்ற கணக்கு. ஜாவா நிரல்களுக்கான கவரேஜ் கருவி ஜாகோகோ, நிரலுக்குள் ஆங்காங்கே புரோப் எனும் குறிப்பான்களைப் பதிக்கிறது. ஓட்டம் அந்தப் பக்கம் வந்ததா இல்லையா என்பதை மட்டும் அவை குறித்துக்கொள்ளும். ஓடாத வரியில் பிழை காணோம் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

பலர் தனித்தனியே சோதிக்கும்போது கேள்வி ஆழமாகிறது. ஒருவர் புதுக் கணக்கு தொடங்கிப் பார்க்கிறார். இன்னொருவர் பணம் எடுத்துப் பார்க்கிறார். ஆளுக்கு 60 சதவீத வரிகள் ஓடின என்று வைத்துக்கொள்வோம். கூட்டவும் முடியாது, சராசரியும் உதவாது. இருவரும் ஒரே வரிகளை ஓட்டியிருந்தால் மொத்தம் 60தான். இயன்றவரை வெவ்வேறு வரிகளென்றால் 100 வரை போகலாம். அதனால் கருவி சதவீதங்களை அல்ல, எவை ஓடின என்ற பதிவுகளையே ஒன்றுசேர்க்கிறது. யாரேனும் ஒருவர் முழுமையாக ஓட்டியிருந்தாலே அறிக்கையில் அந்த வரி பச்சையாகிவிடும். இடையில் நிரல் மாறியிருந்தால், ஒத்துவராத பழைய பதிவை ஜாகோகோ கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்படிச் சேர்வது ஓட்டம் மட்டுமே, கவனம் சேர்வதில்லை. திரையில் பெயர் சரியாக வந்ததா என்று ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கையில், பின்னால் வட்டிக் கணக்கும் ஓடியிருக்கலாம். அந்த எண்ணை அவர் பார்க்கவே இல்லை. அறிக்கையில் அதுவும் பச்சை.

இதைவிடக் கடினமான உதாரணம் ஹார்ட்பிளீட். இணையத் தொடர்பை மறையாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளின் 1.0.1 பதிப்பில் 2012 முதல் இருந்த இந்தக் குறை 2014 ஏப்ரலில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. மறுமுனை அனுப்பும் சிறு செய்தியை அப்படியே திருப்பி அனுப்பும் பகுதி, செய்தியின் நீளத்தைச் சரிபார்க்காமல் மறுமுனை சொன்னதை நம்பியது. சில பைட்கள் அனுப்பிவிட்டு 64 கிலோபைட் என்று சொன்னால், சர்வரின் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்த கடவுச்சொற்களும் ரகசியச் சாவிகளும்கூட வெளியேறலாம். நேர்மையான செய்தி ஒன்று வந்தாலே நகலெடுக்கும் வரி ஓடிவிடும். ஆயிரம் பேர் ஓட்டினாலும் பச்சைதான். குறை இருந்தது எழுதப்படாத சரிபார்ப்பில். எழுதாத வரிக்குப் புரோப் கிடையாது.

எனவே ஒன்றுசேர்த்த அறிக்கை பிழையின்மைக்குச் சான்றாகாது. எங்கே இன்னும் யாரும் போகவில்லை என்பதை மட்டும் அது உறுதியாகச் சொல்லும். ஒரு குழுவுக்கு அதுவே பெரிய உதவி. பைத்தான் நிரல்களுக்கான கவரேஜ்.பை, அப்படி அமைத்தால், எந்தச் சோதனையில் எந்த வரி ஓடியது என்பதையும் சேமித்து வைக்கும். அந்த விவரம் கையில் இருந்தால், பச்சையான வரியை ஓட்டியவரிடமே எதைப் பார்க்க ஓட்டினார் என்று கேட்கலாம். வட்டிக் கணக்கை யாரும் பார்க்கவில்லை என்றால், அதற்கென்று இன்னொரு சோதனை எழுதலாம்.