பழுதுள்ள வண்டியில் புறப்படலாமா?

திருக்குறளில் 'தெரிந்து தெளிதல்' என்றோர் அதிகாரம் உண்டு. ஒருவனை ஆராய்ந்த பின்னரே நம்பவேண்டும் என்பது அதன் சாரம். ஆராயாமல் நம்புகிறவனும் அல்லற்படுவான், ஆராய்ந்து நம்பிய பின் சந்தேகப்படுகிறவனும் அல்லற்படுவான் என்று சொல்லி வள்ளுவர் அந்த அதிகாரத்தை முடிக்கிறார். பள்ளியில் இதைப் படித்தபோது, இவ்விரண்டிற்கும் அப்பால் மூன்றாவது நிலை ஒன்று இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆராய்ந்தோம், குறை உள்ளது, வழியில் கைவிடக்கூடியது என்று ஐயமறத் தெளிந்தும் விட்டோம், ஆயினும் அதனோடுதான் நெடுந்தூரம் போயாக வேண்டியிருக்கிறது. அப்போது என் செய்வது? அரசனுக்கு வேறோர் அமைச்சன் கிடைக்கலாம். மாதச் சம்பளக்காரனுக்கு வேறொரு வண்டி கிடைப்பதில்லை.

வண்டி என்றதை உவமையாகக் கொள்ளவேண்டாம். உண்மையான வண்டி ஒன்றை முன்னிறுத்தியே இவ்வினாவை ஆராய விரும்புகிறேன்.

ஜெர்மனியில் 1950-இல் வோக்ஸ்வேகன் நிறுவனம் பின்புறத்தில் எஞ்சின் வைத்த ஒரு வேனைச் செய்யத் தொடங்கியது. மறு ஆண்டே வெஸ்ட்பாலியா என்னும் மற்றொரு நிறுவனம் அதற்குள் படுக்கை, அலமாரி முதலியவற்றைப் பொருத்தி அதை ஓடும் வீடாக்கியது. 1960-களிலும் 1970-களிலும் மேனாட்டு இளைஞர்கள் இத்தகைய வேன்களில் இலண்டனிலிருந்து புறப்பட்டு, இஸ்தான்புல், தெஹ்ரான், ஹெராத், காந்தஹார், காபூல், கைபர் கணவாய், லாகூர் வழியாக நம் டில்லிக்கு வந்து சேர்ந்தார்கள். இர்வின் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த சுற்றுலா முகாமில் அவை வரிசையாக நின்றதைக் கண்ட பழைய டில்லிவாசிகள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். 1979-இல் ஈரானில் புரட்சியும் ஆப்கானிஸ்தானத்தில் சோவியத் படையெடுப்பும் நிகழவே அந்த வழி அடைபட்டது.

அவ்வேன்களில் பெரும்பாலானவை பிறர் ஓட்டிக் கழித்தவை. நின்று நின்று போகக்கூடியவை என்று தெரிந்தே வாங்கப்பட்டவை. வழியில் முற்றும் பழுதாகிவிட்டால் சாலையோரம் விட்டுவிட்டு ரயிலேறவும் இயலாது. 'கார்னே' என்னும் சுங்கப் பத்திரத்தின்மேல் நாட்டிற்குள் நுழைந்த வண்டி திரும்பவும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். இல்லையேல் அதற்குரிய சுங்கவரியைக் கட்டவேண்டும். ஆகவே பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் வண்டியும் மனிதனும் ஒருவரை ஒருவர் சுமந்தாக வேண்டிய உறவு அது.

இனி அந்த எஞ்சினின் குணத்தைச் சற்றுப் பார்க்கலாம். அதில் ரேடியேட்டர் கிடையாது. தண்ணீருக்குப் பதிலாக ஒரு விசிறி காற்றை வீசி அதைக் குளிரச் செய்கிறது. ஒரே ஒரு பெல்ட் டைனமோவைச் சுழற்றுகிறது. அந்த டைனமோவின் மறுமுனையிலேயே விசிறி பொருத்தப்பட்டிருக்கிறது. பெல்ட் அறுந்தால் ஓட்டுநரின் முன் ஒரு சிறு சிவப்பு விளக்கு எரியும். வேறு சில வண்டிகளில் அவ்விளக்கு எரிந்தால் பாட்டரிக்கு மின்சாரம் ஏறவில்லை என்று பொருள். அடுத்த ஊர்வரை ஓட்டிச் சென்று பார்த்துக்கொள்ளலாம். இவ்வண்டியிலோ விசிறியும் நின்றுபோயிருக்கும். சில நிமிடங்களில் எஞ்சின் வெந்துவிடும். விளக்கு ஒன்றே, நிறமும் ஒன்றே, ஆனால் அதன் பொருள் வண்டிக்கு வண்டி வேறுபடுகிறது. மனிதர் விஷயத்திலும் அப்படித்தான். எப்போதும் முணுமுணுப்பவர் முணுமுணுத்தால் ஒன்றுமில்லை. ஒருபோதும் வாய் திறவாதவர் 'களைப்பாக இருக்கிறது' என்றால் உடனே வண்டியை நிறுத்தவேண்டும்.

இன்னொரு குறை. நான்கு சிலிண்டர்களில் மூன்றாவதற்குப் போகும் காற்றின் பாதையில் ஆயில் கூலர் குறுக்கே நின்றது. அதனால் அந்தச் சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிடச் சூடேறி அதன் வால்வு முதலில் கெடும். 1971 மாடலில்தான் அந்தக் கூலரை இடம் மாற்றி வைத்தார்கள். அதற்கு முன் செய்த வண்டிகளை வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? வேகத்தைக் குறைத்தார்கள், வால்வு இடைவெளியை அடிக்கடி அளந்து சரி செய்தார்கள், வெயில் ஏறுமுன் ஓட்டி, உச்சி வேளையில் மரநிழலில் ஓய்ந்தார்கள். கடும் வெயிலில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி எஞ்சின் நின்றுவிட்டால் பம்பின்மேல் ஈரத்துணியைச் சுற்றிவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தார்கள்.

காத்திருப்பதும் ஒரு பழுதுபார்க்கும் முறைதான் என்பதை நம்மில் பலர் ஏற்பதில்லை. நின்ற எஞ்சினை மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்து பாட்டரியையும் தீர்த்துவிடுவதே நம் வழக்கம்.

இத்தகைய வண்டியை ஓட்டுகிறவர்களிடம் இரண்டு மனநிலைகளைக் காணலாம். ராபர்ட் பிர்சிக் என்னும் அமெரிக்கர் 1974-இல் வெளியிட்ட ஒரு நூலில் முதல்வகை மனிதர் ஒருவர் வருகிறார். பயணம் வேனில் அன்று, மோட்டார் சைக்கிளில். ஆயினும் கதை ஒன்றே. உடன் வரும் நண்பருடைய விலையுயர்ந்த வண்டியின் கைப்பிடி தளர்ந்து நழுவுகிறது. பீர் டப்பாவின் மெல்லிய தகட்டை வெட்டிச் செருகினால் சரியாகிவிடும் என்கிறார் ஆசிரியர். நண்பருக்கு அந்த யோசனையே அவமானமாகப் படுகிறது. எஞ்சினைப் பற்றி எதையும் அறிய விரும்பாமல், அது ஓடிக்கொண்டே இருக்கும் என்று இருப்பவர் அவர். அதை நம்பிக்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாராமுகம் என்றே சொல்வேன். இரண்டாம் வகையினர் ஒவ்வோர் ஒலிக்கும் காதைத் தீட்டிக்கொண்டு வருவார்கள். இமயமலையே எதிரே நின்றாலும் அவர்கள் கண் எண்ணெய் விளக்கின் மேல்தான் இருக்கும். வண்டி ஊர் சேரும். அவர்கள் பயணம் செய்திருக்கமாட்டார்கள்.

இவ்விருவருக்கும் நடுவே ஓர் இடம் உண்டு. பொறியியல் உத்தியோகத்தை உதறிவிட்டு வந்த ஜான் மியூர் என்பவர் வோக்ஸ்வேகன் வண்டிகளைப் பாமரரும் பழுதுபார்க்கும் வகையில் 1969-இல் ஒரு கையேடு எழுதினார். வண்டிக்கடியில் படுத்தபடி பிரித்து வைத்துப் படிப்பதற்கு வசதியாகக் கம்பிச்சுருளில் கோத்த நூல் அது. எந்த எஞ்சினும் கெடும், கெடும்போது முன்னதாகவே மணத்தாலும் ஒலியாலும் நடுக்கத்தாலும் சொல்லும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டது. இது கெடாது என்று நம்புவது ஒன்று. இது கெட்டால் எப்படிக் கெடும் என்று எனக்குத் தெரியும் என்று நம்புவது மற்றொன்று. பின்னதே வயதுவந்தவர்களுக்கு உரிய நம்பிக்கை என்பது என் கருத்து. அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு வாழும் எனக்கு இது புதிதாகவும் படவில்லை. 'எதிர்பாராச் செலவினம்' என்ற தலைப்பில் ஆண்டுதோறும் தவறாமல் எதிர்பார்த்துத்தானே பணம் ஒதுக்குகிறோம்!

எல்லாத் தடுமாற்றமும் பழுதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். மணாலியிலிருந்து லே செல்லும் வழியிலுள்ள தங்லங் கணவாய் 5,300 மீட்டருக்கு மேல் உயரமானது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 60 சதவீதமே. சமவெளிக்கென்று சரிசெய்த கார்புரேட்டர் அங்கே வழக்கம்போல் பெட்ரோலைக் கொடுக்கும். எரிப்பதற்குக் காற்றுதான் போதாது. எஞ்சின் கரும்புகை கக்கி மூச்சுத் திணறும். கீழே இறங்கினால் தானே சரியாகிவிடும். டில்லியில் நமக்கு நேர்ந்த முதல் ஜனவரியை நினைத்துக்கொண்டால் அந்த எஞ்சின்மேல் சற்று இரக்கம் பிறக்கும்.

இதுவரை ஓட்டுகிறவரைப் பற்றியே பேசினோம். தனியே போகிறவன் எத்தகைய வண்டியில் போனால் என்ன? நின்றால் அவன் நாள்தான் வீணாகும். பின்னிருக்கையில் வேறு சிலர் அமர்ந்த கணத்திலேதான் அறவினா எழுகிறது. என் பொறுமைக்கு விலை கொடுக்கிறவர்கள் அவர்கள்.

என் அலுவலக நண்பர் ஒருவர், திருநெல்வேலிப் பக்கத்தவர், 2006 மே மாதத்தில் மனைவி, இரு குழந்தைகள், தாயார் ஆகியோருடன் ஒரு பழைய வேனில் ஊருக்குப் புறப்பட்டார். ரேடியேட்டரில் கசிவு இருக்கிறது, நெடுந்தூரம் தாங்காது என்று மெக்கானிக் முன்பே எச்சரித்திருந்தார். வீட்டில் சொன்னால் பயப்படுவார்கள் என்று நண்பர் ஒருவரிடமும் சொல்லவில்லை. சியோனியைத் தாண்டி நாகபுரி செல்லும் காட்டுப் பகுதியில், பிற்பகல் இரண்டு மணிக்கு, வெப்பமானியின் முள் மேலேறி வண்டி நின்றது. கொதிப்படங்கும் வரை காத்திருந்தபின், ரேடியேட்டருக்கு ஊற்ற அவர் எடுத்தது குழந்தைகளுக்கென்று வைத்திருந்த குடிநீர்க் கேனை. வேறு தண்ணீர் அருகே இல்லை. பாதியை ஊற்றிவிட்டு மீதியை ஊற்றுவதா வேண்டாமா என்று அவர் கேனைக் கையில் பிடித்தபடி நின்றபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. மனைவி பேசவில்லை. தாயார் மட்டும், "முன்னமே சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு கேன் பிடிச்சு வச்சிருப்பேனே, அய்யா" என்றாராம்.

நண்பர் இதை என்னிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்கோ அந்த ஒரு வாக்கியம் நெடுநாள் மனத்தைவிட்டு அகலவில்லை. அந்த அம்மையார் வண்டி கெட்டதற்கு வருந்தவில்லை. அச்சத்திலிருந்து தம்மைக் காப்பதாக எண்ணிய மகன், உதவும் வாய்ப்பையே தம்மிடமிருந்து பறித்துவிட்டதற்கு வருந்தினார். குறையை அறிந்தவன் ஒருவனாகவும் அதன் விளைவை அனுபவிக்கிறவர்கள் பலராகவும் இருப்பதே இங்கு அநீதி. கைபர் வழியாக வந்த அந்த இளைஞர்களிடம் ஆயிரம் குறை காணலாம்; ஆனால் ஒரு வேனில் வந்த அனைவருக்கும் அது எத்தகைய வேன் என்று தெரிந்திருந்தது.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் புறப்படுவதென்றால் யாரும் புறப்படவே மாட்டார்கள் என்று சிலர் வாதிடுவர். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். குறையைக் கேட்ட தாயார் "நான் ரயிலில் வருகிறேன்" என்று சொல்லக்கூடும். சொல்லட்டுமே! மறுக்கவும் உரிமையுண்டு என்ற நிலையில்தான் ஒருவர் உடன் வருவதற்குப் பொருள் இருக்கிறது. குழந்தைகளுக்கு அவ்வுரிமை இல்லாமையால் அவர்கள் சார்பில் பெரியவர் ஒருவராவது உண்மையை அறிந்திருக்க வேண்டும்.

மேலும், எல்லாப் பழுதையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது. எஞ்சின் கெட்டால் வண்டி நிற்கும். பிரேக் கெட்டால் வண்டி நிற்காது. முன்னதில் துன்பம் வண்டிக்குள் இருப்பவர்களோடு முடிகிறது. அவர்கள் அறிந்து ஒப்பினால் போகலாம். பின்னதில் சாலையைக் கடக்கும் யாரோ ஒரு பள்ளிச் சிறுவன் அதற்கு விலை கொடுக்கிறான். அவனிடம் நாம் எதையும் சொல்லவில்லை, அவன் எதற்கும் ஒப்பவில்லை. எனவே வண்டிக்குள் இருக்கும் ஐவரும் மனமொப்பித் தலையசைத்தாலும் பிரேக் பழுதான வண்டியில் புறப்படுவதற்கு எந்த நியாயமும் இல்லை. நம்மவர் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள் என்பதே என் மனக்குறை. எஞ்சின் சற்று முனகினால் உடனே மெக்கானிக்கிடம் ஓடுகிறார்கள், ஏனெனில் அது தம் பயணத்தைக் கெடுக்கும். பிரேக் கட்டை தேய்ந்திருப்பதை 'ஊருக்குப் போய் வந்து பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவைக்கிறார்கள்.

மறு ஆண்டும் அந்த நண்பர் குடும்பத்தோடு அதே வேனில் ஊருக்குப் போனார். ரேடியேட்டரை மாற்றியிருந்தார். புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை வண்டியைச் சுற்றிவந்து எது நன்றாயிருக்கிறது, எது சந்தேகம் என்று வீட்டாரிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாராம். தாயார் முழுவதையும் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மூன்று கேன் தண்ணீர் பிடித்து வைத்தாராம்.