பம்பு நீரை இழுக்கிறதா?

தரைக்குக் கீழே தொட்டியும் அதற்கு மேலே பம்பும் அமையும் இடங்களுக்குப் பம்பைத் தேர்ந்தெடுக்கக் கற்பவர், நீர்மட்டத்திலிருந்து அதை எத்தனை மீட்டர் உயரத்தில் வைக்கலாம் என்பதைக் கணக்கிட்டாக வேண்டும். இயந்திரத்தை மட்டுமே பற்றியதாகத் தோன்றும் அந்தக் கணக்குக்குள், வெறுமை என்று ஒன்று உண்டா என்ற பழைய தத்துவக் கேள்வி அடங்கியிருக்கிறது.

வெற்றிடம் இருக்க இயலாது என்று அரிஸ்டாட்டில் வாதிட்டார். அவர்வழி வந்த இடைக்கால ஐரோப்பிய அறிஞர்கள், இயற்கை வெற்றிடத்தை அஞ்சுவதால்தான் உறிஞ்சு பம்பின் தண்டு உயரும்போது நீரும் அதைப் பின்தொடர்ந்து ஏறுகிறது என்றனர். நீரின் ஏற்றத்துக்கு ஒரு நோக்கத்தையே காரணமாக்கிய விளக்கம் அது. ஆனால் ஏறத்தாழ 10 மீட்டருக்கு மேல் உறிஞ்சு பம்பில் நீர் ஏறுவதில்லை என்பதைக் கலிலியோ 1638இல் வெளியான தமது நூலில் பதிவு செய்தார். அச்சம் அந்த உயரத்தோடு தீர்ந்துபோவது ஏன்? நீர்த்தூண் தன் எடையாலேயே அறுந்துவிடும் கயிறு போன்றது என்று கருதிய அவர், அச்சத்தை மறுக்காமல் அதற்கு ஓர் அளவை மட்டும் கண்டார்.

இத்தாலிய அறிஞர் டொரிசெல்லி 1644இல் எழுதிய கடிதத்தில் காரணத்தைக் குழாய்க்கு வெளியே தேடினார்: பாதரசத்தை நிரப்பி, பாதரசத் தொட்டியில் கவிழ்த்து வைத்த குழாயில் அது 76 சென்டிமீட்டர் நிற்பது, வெளியிலுள்ள காற்றின் எடை அதைத் தள்ளுவதால்தான். 1648 செப்டம்பர் 19 அன்று பிரெஞ்சு அறிஞர் பஸ்காலின் தமக்கை கணவர் பெரியே, பிரான்சின் புய் த டோம் மலையுச்சிக்கு இந்தப் பாதரசக் கருவியைக் கொண்டுசென்றபோது, பாதரசம் அடிவாரத்தில் நின்ற உயரத்தைவிட 8 சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்தது. மலையடியைவிட உச்சியில் இயற்கை வெற்றிடத்தைக் குறைவாக அஞ்சுகிறது என்று வாதிடுவது அதன்பின் அரிதாயிற்று.

எனினும் தள்ளுவது எது என்பதும், பாதரசத்துக்கு மேலுள்ள இடம் வெறுமையா என்பதும் வேறு வேறு கேள்விகள். அங்கே நுண்ணிய காற்று புகுந்து நிரம்பியிருக்கிறது என்று பஸ்காலுடன் வாதிட்ட சேசு சபைத் துறவி நோயலின் விளக்கம் தவறுதான். ஆனால் நிரப்பும் பொருள் ஒன்று உண்டு என்ற அவரது உள்ளுணர்வை முற்றிலும் தள்ளிவிடுவது நியாயமாகாது. பம்பின் வாயில் அழுத்தம் போதிய அளவு குறைந்தால் அங்கே வெறுமை தோன்றுவதில்லை. நீரே குளிர்ந்த நிலையிலும் கொதித்து ஆவியாகி அந்த இடத்தை நிரப்புகிறது. அந்த ஆவிக் குமிழிகள் அழுத்தம் மிகுந்த பகுதியை அடைந்ததும் நொறுங்கி, ஜல்லியை உருட்டுவது போன்ற ஒலியை எழுப்பி, சுழலும் இம்பெல்லரின் உலோகத்தைக் கடற்பஞ்சு போல அரித்துவிடுகின்றன, இதுவே கேவிட்டேஷன்.

இதைத் தவிர்ப்பதற்காகப் பொறியாளர்கள் இடும் என்.பி.எஸ்.எச். (நிகர நேர்மறை உறிஞ்சு உயரம்) கணக்கில், காற்றழுத்தம் தரும் சுமார் 10.3 மீட்டரிலிருந்து உறிஞ்சும் உயரமும், குழாயின் உராய்வு இழப்பும், நீரின் ஆவி அழுத்தமும் கழிக்கப்படுகின்றன; மிஞ்சுவது பம்பு தயாரிப்பாளர் கேட்கும் அளவைவிட மிகுதியாக இருக்க வேண்டும். வரவாக நிற்பது டொரிசெல்லியின் காற்று, செலவாகக் கழிவது இடத்தை நிரப்பக் காத்திருக்கும் ஆவி. 80 பாகை செல்சியஸ் நீரில் அந்த ஆவி மட்டுமே காற்றழுத்தத்தில் ஏறத்தாழ பாதியை விழுங்குகிறது. கொதிநிலையிலேயே நீரை வைத்திருக்கும் கொதிகலன் ஊட்டுத் தொட்டியில் வரவு முழுவதும் ஆவிக்கே போய்விடுவதால், தொட்டியை மேல்தளத்திலும் பம்பைப் பல மீட்டர் கீழேயும் அமைத்து, நீரின் சொந்த எடையே அதைப் பம்புக்குள் தள்ளும்படி செய்கிறார்கள்.