ராணிப்பேட்டைக் கிதார்

பாலாற்றின் இக்கரை ஆற்காடு, அக்கரை ராணிப்பேட்டை. தோல் தொழிற்சாலைகளால் பெயர் பெற்ற அந்த ஊரில் பிறந்தவர்தான் கர்நாடக இசையைக் கிதாரில் வாசிக்கும் பிரசன்னா. சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் வடிவமைப்புப் படிப்பு, கூடவே ராக் மோகம். பிறகு அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரி. 2006இல் அவர் தன் பெயரில் வெளியிட்ட ஆல்பம் ‘எலெக்ட்ரிக் கணேசா லேண்ட்’. ராக் கிதார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸின் ‘எலெக்ட்ரிக் லேடிலேண்ட்’ (1968) ஆல்பத்துக்கு வைத்த கும்பிடு அது, பிள்ளையாருக்கும் சேர்த்துத்தான்! விளையாட்டுப் பெயர்தான், ஆனால் உள்ளே விஷயம் இருக்கிறது. தந்தியை இழுத்துச் சுரத்தை வளைப்பது வீணைக்காரருக்கும் தெரியும், ஹென்ட்ரிக்ஸுக்கும் தெரியும். ஆல்பம் தன் பெயரில் இல்லாமல் ஒரு குழுவின் பெயரில் வந்திருந்தால், இந்த யோசனைக்கு இன்னும் மூன்று பேராவது தலையாட்ட வேண்டியிருந்திருக்கும்.