அடைத்த வளை

அமாமி ஓஷிமா, தொக்குனோஷிமா. ஜப்பானின் தெற்கே, ஒக்கினாவாவுக்குப் போகும் வழியில் கிடக்கும் இரண்டு தீவுகள். அமாமி முயலுக்கு உலகமே இவ்வளவுதான்.

முயல் என்றதும் மனம் நீண்ட காதைத் தேடுகிறது. இதன் காது ஒரு விரல் நீளம்கூட வராது. கரும்பழுப்பு உடம்பு, குட்டைப் பின்னங்கால், மண்ணைப் பறிக்கும் தடித்த நகங்கள். முயலை வேட்டையாடும் பாலூட்டி விலங்கு அந்தக் காட்டில் இருந்ததில்லை. பாய்ந்தோடித் தப்பும் தேவையும் இருக்கவில்லை. அஞ்ச வேண்டியது ஹபு என்னும் விஷப்பாம்புக்குத்தான்.

தாய் தங்கும் வளை வேறு, குட்டிக்கென்று தோண்டும் வளை வேறு. பெரும்பாலும் ஒரே குட்டி. பாலூட்டியதும் வெளியே வந்து, வாயிலில் மண்ணைத் தள்ளி, முன்னங்கால்களால் தட்டித் தட்டி இறுக்குகிறாள். அங்கே ஒரு வளை இருந்ததே தெரியாது. பிறகு போய்விடுகிறாள். ஒன்றிரண்டு இரவு கழித்து வந்து, மண்ணைப் பறித்து, பாலூட்டி, மறுபடி அடைக்கிறாள்.

இந்த இடத்தைத் தாண்டி என் மனம் நகர மறுக்கிறது. அணைத்துக்கொண்டிருப்பதையே பாசம் என்று பழகியவர்கள் நாம். இவள் குட்டியை இருட்டிடம் ஒப்படைத்துவிட்டு விலகியிருக்கிறாள். அந்த விலகலில் எவ்வளவு கவனம்!

1979இல் ஹபுவை ஒழிக்கவென்று சுமார் முப்பது கீரிகளைக் கொண்டுவந்து விட்டார்கள். ஹபு இரவில் நடமாடுவது, கீரி பகலில். இரண்டும் சந்திப்பதே அரிது. பகலில் உறங்கும் முயல்தான் கீரிக்குக் கிடைத்தது. 2000 வாக்கில் கீரிகள் பத்தாயிரம் ஆகியிருந்தன.

2005இல் கீரி பிடிக்கவே ஒரு குழு அமைந்தது. காடெங்கும் பொறிகள், மோப்ப நாய்கள். கடைசிக் கீரி சிக்கியது 2018 ஏப்ரலில். அதோடு நிறுத்திவிடவில்லை. பொறிகளையும் கேமராக்களையும் பார்த்துக்கொண்டே இருந்து, 2024 செப்டம்பரில்தான் ‘இனி இல்லை’ என்று அறிவித்தார்கள். இல்லாத ஒன்றை ஆறாண்டுகள் தேடியிருக்கிறார்கள். அந்தத் தாயின் பொறுமைக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தது இது.

முயல்கள் பெருகி இப்போது சாலைவரை வருகின்றன. வண்டியில் அடிபடுவதும் கூடியிருக்கிறது. ஒரு மலைச்சாலையில் இரவு வண்டிகளை முன்பதிவு செய்து வரச் சொல்கிறார்கள், ஊர்ந்தே போகச் சொல்கிறார்கள். முயல் கடக்கும் மற்றச் சாலைகளுக்கும் அந்த ஏற்பாடு வர வேண்டும்.