மாருதி கலங்கிய இரவு

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருவிழாக் காலங்களில் எம்பெருமானைச் சேவிக்க வரும் அன்பர்கள் எத்தனையோ சிரமங்களைப் பொருட்படுத்தாமல் வருகிறார்கள். பேருந்தில் இடம் கிடைக்காமல் நின்றபடியே வருகிறவர்களும், கைக்குழந்தையைத் தோளில் சாத்திக்கொண்டு வருகிறவர்களும், முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு வரும் முதியோர்களும் உண்டு. வரிசையில் நெடுநேரம் காத்திருந்து ஸந்நிதியை அடைந்தபின், திருமுகமண்டலத்தைக் கண்குளிரச் சேவிக்கக் கிடைக்கும் நேரமோ சிறிது. அந்தச் சிறிது நேரத்திலும் கண்கள் எம்பெருமானிடத்திலும் மனம் வேறிடத்திலும் இருப்பது பலருக்கும் நெஞ்சறிந்த விஷயம். வீட்டைச் சரியாகப் பூட்டினோமா என்று ஒரு நினைவு. பெண்ணின் விவாகம் தட்டிக்கொண்டே போகிறதே என்று ஒரு நினைவு. பிள்ளையின் உத்யோகம் நிலைக்குமா, வாங்கிய கடன் அடையுமா, வைத்தியர் எழுதிக்கொடுத்த பரிசோதனையில் என்ன வருமோ என்று மேலும் மேலும் நினைவுகள். தீர்த்தம் பெற்றுக்கொள்ள நீட்டிய கையும் நடுங்குகிறது. வெளியே வந்தபின், "பெருமாள் திருமுன்பே நின்றும் கவலைப்பட்டோமே, நமக்கு பக்தியே இல்லையோ!" என்று புதிதாக ஒரு கவலையும் வந்து சேர்ந்துகொள்கிறது.

முதலில் வந்த கவலைகளைக் காட்டிலும் கடைசியில் வந்த இந்தக் கவலையே பொல்லாதது. மற்றவை மனிதனை வருத்துகின்றன. இதுவோ அவனை எம்பெருமானிடத்தினின்றும் விலக்கப் பார்க்கிறது. ஆகையால் முதலில் தெளியவேண்டியது இதுவே: கவலை வருவது பக்தியின்மைக்கு அடையாளமன்று.

ஸ்ரீபகவத்கீதையின் முதல் அத்யாயத்தில் அர்ஜுனனுக்கு நேர்ந்ததைக் காணலாம். அவனுடைய அங்கங்கள் சோர்ந்தன, வாய் உலர்ந்தது, உடல் நடுங்கி மயிர்க்கூச்செறிந்தது, தோல் எரிந்தது, காண்டீவம் கையிலிருந்து நழுவியது, நிற்கவும் மாட்டாமல் மனம் சுழன்றது. இரவில் திடுக்கிட்டு விழித்து, நெஞ்சு படபடக்க, நா வறளக் கட்டிலில் எழுந்து உட்காருகிறவர்கள் அனைவரும் இந்த வர்ணனையில் தங்களையே காண்பார்கள். இத்தனையும் அவனுக்கு எங்கே நேர்ந்தது? ஸாக்ஷாத் பகவான் கைக்கெட்டும் தூரத்தில் ஸாரதியாக எழுந்தருளியிருந்த தேரிலே நேர்ந்தது. பகவானும் அவனை முதலில் கடிந்து ஒரு வார்த்தை அருளிச்செய்தானேயன்றித் தேரைவிட்டு இறங்கிப் போய்விடவில்லை. சோகிக்கத் தகாதவர்களைக் குறித்துச் சோகிக்கிறாய் என்று தொடங்கிய உபதேசத்தைப் பதினெட்டாம் அத்யாயத்தில், சோகிக்க வேண்டா என்ற அபயத்தோடு தலைக்கட்டினான்.

கலங்குகிறவனை எம்பெருமான் கைவிடான் என்பதற்கு இது போதும். ஆயினும், கவலை எவ்வாறு கிளை விட்டு வளர்கிறது, அதிலிருந்து மீளும் வழி யாது என்னும் இவ்விரண்டையும் ஸ்ரீமத் ராமாயணத்தின் ஸுந்தரகாண்டம் விரிவாகக் காட்டுகிறது. மனக்கிலேசம் நீங்குவதற்காக ஸுந்தரகாண்டத்தைப் பாராயணம் செய்யும் வழக்கம் எங்கும் உண்டு. அவ்வாறு பாராயணம் செய்பவர்களும் பன்னிரண்டு, பதின்மூன்றாம் ஸர்க்கங்களைச் சற்று நின்று நிதானித்து அநுபவிப்பது நல்லது. அங்கே கலங்கி நிற்பவர், மற்றவருடைய கலக்கத்தைத் தீர்ப்பவரென்று உலகம் கொண்டாடும் சிறிய திருவடியே.

நூறு யோஜனைக் கடலைத் தாண்டி, இரவில் இலங்கைக்குள் புகுந்து, ராவணனுடைய மாளிகையை மாருதி தேடினார். அந்தப்புரத்தில் மண்டோதரியைக் கண்டு, பிராட்டியைக் கண்டுவிட்டோம் என்று ஒரு கணம் துள்ளி மகிழ்ந்தார்; உடனே, பெருமாளைப் பிரிந்த பிராட்டி இவ்வாறு ஆபரணம் பூண்டு உறங்கமாட்டாள் என்று தெளிந்தார். நான்கு அங்குல இடமும் விடாமல் தேடியும் பிராட்டியைக் காணவில்லை. அப்பொழுது அவருடைய மனத்தில் சங்கை புகுந்தது. கொண்டுவரும் வழியில் கடலில் விழுந்திருப்பாளோ? அரக்கர்கள் பக்ஷித்திருப்பார்களோ? துக்கம் தாங்காமல் முடிந்திருப்பாளோ?

அதன்பின் அந்த மனம் ஓடிய வேகம் காற்றின் மைந்தனுக்கே உரியது. பிராட்டியைக் காணவில்லை என்று சொன்னால் பெருமாள் தரிக்கமாட்டார். பெருமாள் இல்லையேல் இளையபெருமாள் இல்லை. அதைக் கேட்டு பரதாழ்வான் இல்லை, சத்ருக்நாழ்வான் இல்லை, தாய்மார் மூவரும் இல்லை. இங்கே கிஷ்கிந்தையில் ஸுக்ரீவ மஹாராஜர் இல்லை, ருமை இல்லை, தாரை இல்லை, அங்கதன் இல்லை, வானரக் கூட்டமே இல்லை. ஒரு மாளிகையில் ஒருவரைக் காணவில்லை என்பதிலிருந்து புறப்பட்ட மனம், சில கணங்களில் இக்ஷ்வாகு குலத்தையும் வானர குலத்தையும் அழித்துவிட்டு நின்றது. திரும்பிப் போவதில்லை, கடற்கரையில் துறவியாகக் காலம் கழிக்கலாம் என்று எண்ணினார். அவ்வளவோடு நில்லாமல், உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணமும் அவருக்கு வந்தது.

பதில் வராத ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்து புறப்பட்டு, விபத்து, மருத்துவமனை, அநாதையான குடும்பம் என்பதுவரை ஒரே மூச்சில் ஓடிவிடும் மனத்துக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? கவலை என்பது அறிவில்லாதவர்களுக்கு வருவதன்று. வியாகரணம் கற்றவர், சொல்லின் செல்வர், பலத்தில் ஒப்பற்றவர் என்று பெருமை பெற்ற மாருதியின் மனமும் ஓரிரவு அப்படி ஓடியது.

இங்கே இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. ஒன்று, மாருதி எண்ணிய அந்த நீண்ட வரிசையில் ஒன்றுகூட நடக்கவில்லை. பிராட்டி உயிரோடிருந்தாள், பெருமாள் தரித்திருந்தார், நந்திக்ராமத்தில் பரதாழ்வான் பாதுகைகளை முன்னிட்டுக் காத்திருந்தார். மற்றொன்று, கலங்கிய அந்த இரவு முழுவதும் பெருமாளுடைய திருநாமம் பொறித்த கணையாழி மாருதியிடமே இருந்தது. நான்கு திசையிலும் வானரர்கள் அனுப்பப்பட்டபோதும், இவரால் காரியம் கைகூடும் என்று திருவுள்ளம்பற்றி இவர் ஒருவரிடமே பெருமாள் அதைத் தந்தருளினார். அருளின் அடையாளம் கூடவே இருந்தும் கலக்கம் வந்தது. கலக்கம் வந்ததனால் அந்த அடையாளம் அவரைவிட்டு நீங்கிவிடவுமில்லை.

மாருதி மீண்டது எப்படி? உயிரை விடுவதில் தோஷங்களே பல. உயிரோடிருப்பவனுக்கே நன்மையைக் காணும் பாக்யம் உண்டு என்று தெளிந்து, முதலில் உயிரைக் காத்துக்கொண்டார். அடுத்து, நடந்துவிடுமோ என்ற கற்பனைகளை விட்டு, செய்யாமல் எஞ்சியுள்ள காரியம் யாது என்று பார்த்தார். பெரிய மரங்கள் அடர்ந்த அசோகவனம் கண்ணில் பட்டது. அதை மட்டும் இன்னும் தேடவில்லை. பின்னர் பெருமாளையும் இளையபெருமாளையும் பிராட்டியையும் தேவதைகளையும் வணங்கி, அந்த வனத்தின் மதிலின்மேல் தாவினார். உலகமெல்லாம் என்னவாகும் என்ற கேள்விக்கு அவர் விடை தேடிக்கொண்டிருக்கவில்லை. எதிரில் இருந்த ஒரு தோட்டத்தைத் தேடப் புறப்பட்டார், அவ்வளவே. பிராட்டி அங்கேதான் எழுந்தருளியிருந்தாள். மாருதி நம்பிக்கை இழந்து நின்ற இடத்துக்கும் பிராட்டி எழுந்தருளியிருந்த வனத்துக்கும் நடுவே ஒரு மதிலே இருந்தது.

அன்று மாருதி உயிரை விட்டிருந்தால், அந்த வனத்தில் தானும் உயிரை விடத் துணிந்த பிராட்டிக்கு ஆறுதல் சொல்ல ஒருவரும் இல்லாமற் போயிருக்கும். தான் கலங்கி மீண்டவராகையால், கலங்கியிருந்தவளிடம் எப்படிப் பேசவேண்டும் என்பது மாருதிக்குத் தெரிந்திருந்தது. தைரியமில்லையா என்று அவர் இடிக்கவில்லை. மரக்கிளையில் மறைந்திருந்து, மெல்லிய இனிய குரலில் ராமசரிதத்தைச் சொல்லத் தொடங்கினார். வீட்டில் ஒருவர் கவலையால் வாடும்போது மற்றவர்கள் கைக்கொள்ளவேண்டிய முறையும் இதுவே. "உனக்கு என்ன குறை? எல்லாம் வீண் பயம்" என்பது ஆறுதலன்று, அது புண்ணில் கோலிடுவது. அருகில் அமர்ந்து, சொல்வதைக் கேட்டு, மெல்லப் பேசுவதே ஆறுதல்.

சிலருடைய கவலை இவ்வளவில் அடங்காமல், மாதக்கணக்கில் உறக்கத்தையும் உணவையும் கெடுத்து நிற்கும். அவர்கள் வைத்தியரை நாடுவது எம்பெருமானிடத்தில் நம்பிக்கைக் குறைவாகாது. பெருமாள் அருகிலேயே இருந்தும் இளையபெருமாளுக்கு ஸுஷேணர் சொன்ன மூலிகை வேண்டியிருந்தது. அதை மலையோடு சுமந்து வந்தவரும் இதே மாருதிதான். காஞ்சீபுரத்தை அடுத்துப் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடமான திருமுக்கூடலில், ஸ்ரீவேங்கடேசப் பெருமாள் திருக்கோயிலில் பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராஜேந்திர சோழனுடைய கல்வெட்டு உள்ளது. 15 படுக்கைகளோடு ஓர் ஆதுலசாலை அங்கே நடந்ததையும், மருத்துவரும் சல்லியம் செய்வோரும் பணிப்பெண்களும் இருந்ததையும், சேமித்து வைத்த மருந்துகளின் பெயர்களையும் அது தெரிவிக்கிறது. பெருமாள் கோயிலின் ஆதரவிலேயே மருத்துவம் நடந்த தேசம் இது. உடல்நோய்க்கு மருந்துண்பவன், மனநோய்க்கு மட்டும் வெட்கப்படுவானேன்? 2022 அக்டோபரில் பாரத அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் சேவையில், 14416 என்ற எண்ணுக்கு இரவும் பகலும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். உயிரின்மேல் வெறுப்புத் தோன்றும் அளவுக்குக் கலக்கம் முற்றியவர்களும், அவர்களுக்கு வேண்டியவர்களும் சிறிதும் தாமதிக்கலாகாது. மாருதிக்கு எதிரே அசோகவனம் இருந்ததுபோல, அவர்களுக்கும் இன்னும் தேடாத இடம் ஒன்று உண்டு.

அஞ்சியது எதுவுமே நடவாது என்று சாஸ்த்ரம் வாக்களிக்கவில்லை. சக்கரவர்த்தி பிள்ளையைப் பிரிந்து மாண்டார். பெரியவுடையாராகிய ஜடாயு போரிலே வீழ்ந்தார். துக்கம் வருவதும் உண்டு. ஆனால் அது வரும் நாளில் பெருமாளே அந்தப் பறவைக்கு ஈமக்கடன் செய்ய அருகில் இருந்தார். வரும் நாளைய துக்கத்தை இன்றே தனியாகச் சுமந்து பார்ப்பதுதான் கவலை. சரணாகதியை பரந்யாஸம் என்று ஆசார்யர்கள் அருளிச்செய்தார்கள். பரம் என்றால் சுமை, ந்யாஸம் என்றால் வைத்துவிடுதல். காரியத்தை விட்டுவிடச் சொல்லவில்லை; சுமையை வைத்துவிடச் சொன்னார்கள். பெண்ணுக்கு வரன் தேடுவதும், கடனை அடைக்கப் பாடுபடுவதும், வைத்தியரிடம் போவதும் மனிதன் செய்யவேண்டிய காரியங்கள். அவற்றின் முடிவைத் தாங்குவது எம்பெருமானுடைய பொறுப்பு. ஒருமுறை வைத்த சுமையை மனம் மறுபடியும் எடுத்துக்கொண்டால், அதற்காகவும் கலங்கவேண்டா. எடுத்ததை அறிந்தவுடனே மறுபடியும் அவன் திருவடிகளை நினைத்தால் போதும்.

தோளில் திருவிலச்சினை பெற்றவர்களும், நெற்றியில் திருமண் தரித்தவர்களும், வேறொன்றும் அறியாமல் திருநாமத்தை மட்டும் சொல்லத் தெரிந்தவர்களும், மாருதியின் கையில் இருந்த கணையாழியைப்போல எம்பெருமானுடைய அடையாளத்தை உடன்கொண்டே நடக்கிறார்கள். திருவிழாவில் ஸந்நிதியை அடைந்து தலை குனியும்போது ஸ்ரீசடாரி ஸாதிக்கப்படுகிறது. அது எம்பெருமானுடைய திருவடிநிலை. அது தலையைத் தீண்டும் அந்தக் கணத்தில் மனம் எங்கே திரிந்துகொண்டிருந்தாலும், கை நடுங்கிக்கொண்டிருந்தாலும், தீண்டியது தீண்டியதே. அந்த நினைவோடு ஊர் திரும்பி, எஞ்சியிருக்கும் ஒரு காரியத்தைத் தொடங்குகிறவர்களுக்கு எம்பெருமான் துணையிருப்பான்.

சுபம்.