ஆசான் பெயரை மறையாமை



ஏரியூரில் என் பேர்த்தி கைப்பேசியைக் காட்டி, "பாட்டி, நம் சமயத்தைப் பற்றி எதைக் கேட்டாலும் இந்தச் செயற்கை நுண்ணறிவுச் செயலி சொல்லிவிடுகிறதே, பிறகு நூல் எதற்கு?" என்று வினவினாள்.

உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயத்தில் சுவாத்தியாயத்தை ஐந்தாக வகுத்தருளினார்: வாசித்தல், வினவுதல், சிந்தித்தல், பிழையற ஓதிப் பயிலுதல், அறம் உரைத்தல். வினவுதல் இரண்டாவதாக நிற்கின்றது. ஆதலின் கேட்டறிதல் இழிவன்று. ஆசிரியரிடம் கேட்க நாணும் பிள்ளை செயலியிடம் நூறு முறை கேட்கலாம், அது சினவாது. (வகுப்பறையில் யான் அத்தகைய பொறுமை காட்டியதில்லை.)

ஆயினும் வாசித்தலே முதலில் வைக்கப்பட்டது. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையரிடம், 1880ஆம் ஆண்டில் சேலம் இராமசுவாமி முதலியார் சீவக சிந்தாமணியைப் பாடம் கேட்க விரும்பினார். ஐயருக்கோ அந்நூல் புதிது. நச்சினார்க்கினியர் உரை இருந்தும் சமணக் கொள்கைகள் விளங்கவில்லை. அவ்வூர்ச் சமணர் இல்லங்களைத் தேடிச் சென்றார். ஓர் இல்லத்தில் தோரணம் கட்டியிருந்தது. ஆறு மாதமாக வாசித்த சிந்தாமணி அன்று நிறைவுற்றதாம்! சந்திரநாத செட்டியார் முதலிய பெரியோரிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்து, 1887இல் நூலை அச்சேற்றினார். ஏட்டைப் படித்துப் படித்து எழுந்த ஐயங்கள் அவை. முதுமையில் எழுதிய 'என் சரித்திரம்' நூலில் தமக்கு உதவியவர்களை நன்றியுடன் பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார்.

இதனையே நம் ஆசாரியர்கள் அநிஹ்னவம் என்பர். கற்பித்த குருவையும் நூலையும் மறையாமை, நல்ஞானத்தின் எட்டு அங்கங்களுள் ஒன்று. மறைப்பதோ ஞானாவரணீய கர்மம் வந்து சேர்வதற்கு ஏது. செயலி எண்ணற்ற நூல்களின் சொற்களில் பழகி, அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்துக் கோக்கின்றது. யாரிடம் கற்றது என்பது அவ்விடையில் பெரும்பாலும் இராது. கேட்டால் இல்லாத நூலையும் சான்றாகக் கூறுதல் உண்டு. அதற்குக் கர்ம பந்தம் இல்லை. ஆராயாது எடுத்துரைக்கும் நமக்கு உண்டு.

இவற்றைச் சொல்லிப் பேர்த்தியிடம் சூத்திர நூலைக் கொடுத்தேன். நாள்தோறும் சில சூத்திரங்கள் வாசிக்கிறாள். ஐயம் எழுந்தால் செயலியிடமும் கேட்கிறாள், தடுப்பதில்லை. விடையைக் குறிப்பேட்டில் எழுதி, 'உரைத்தவர்' என்று ஓரத்தில் இடம் விடுகிறாள். நூலில் கண்ட பின்னரே அதனை நிரப்புவாள். சில இடங்கள் இன்னும் வெறுமையாகவே இருக்கின்றன.